இறக்கத்தில் யாரும் உள்ளே இருக்கக் கூடாது

எங்கள் வீட்டுக்கு நான்கு இரும்புச் சக்கரங்கள். ரோட்டு இலாகாவின் ரோலருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் மரப்பெட்டி அது. இலாகாக்காரர்கள் கேரவன் என்பார்கள். நாங்கள் பொட்டி என்போம். அப்பா ரோலர் டிரைவர். ரோடு எங்கே பெயர்கிறதோ அங்கே ரோலர், ரோலர் எங்கேயோ அங்கே பொட்டி, பொட்டிக்குள் அம்மா, அண்ணன், நான், ஒரு அம்மி, கட்டிலுக்கடியில் ஒரு கோழி. தலவாக்கலையில் எனக்குப் பல் விழுந்தது. விழுந்த பல்லைத் தேடி எடுப்பதற்குள் வீடு அடுத்த வளைவுக்குப் போயிருந்தது.

நடக்கிற வேகத்தில் நகரும் வீடு. காலையில் ஜன்னலில் ஒரு மலை, மாலையில் அதே மலையின் முதுகு. சமதரையில் போகும்போது குதித்து இறங்கி, ஓடையில் முகம் கழுவி, ஓடிப்போய் மறுபடி ஏறிக்கொள்வோம். அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருப்பாள். களைந்த தண்ணீரை ஜன்னல் வழியே ஊற்றுவாள். தார் ரோட்டில் ஒரு வெள்ளைக் கோடு கொஞ்ச தூரம் எங்களோடு வந்து நின்றுவிடும்.

இறக்கம் வந்தால் மட்டும் விளையாட்டு இல்லை. அப்பா ரோலரை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்குவார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு இறங்குவாள். இறக்கத்தில் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. ஏற்றத்தில் ரோலர் பொட்டியை இழுக்கிறது. இறக்கத்தில் பொட்டி ரோலரைத் தள்ளுகிறது. ஈரத் தாரில் இரும்புச் சக்கரம் வழுக்கினால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. அதற்குத்தான் அடைக்கட்டைகள்: பலா மரத்தில் செதுக்கிய இரண்டு ஆப்புகள், வருஷக்கணக்காய் எஞ்சின் எண்ணெய் ஊறிக் கறுத்தவை. மலைப்பக்கச் சக்கரத்தோடு அண்ணன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடப்பான். பள்ளத்துப் பக்கம் நான். "அடை!" என்று அப்பா கத்தினால் சக்கரத்துக்கு முன்னால் செருக வேண்டும். செருகிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். இரண்டாவதைத்தான் அப்பா அதிகம் சொல்லிக்கொடுத்தார்.

உடப்புசல்லாவைப் பக்கம் வேலை நடந்தபோது எனக்குப் பின்னால் ஒரு பிள்ளை பொட்டிக்குள்ளேயே பிறந்தது. அது அழவில்லை. தேயிலைக்கு மேலே ஒரு சவுக்கு மரத்தடியில் வைத்துவிட்டு வந்தோம். மண் காய்வதற்குள் ரோலர் கிளம்பிவிட்டது. அம்மா பின்வாசலில் உட்கார்ந்து, அந்த மரம் மற்ற மரங்களோடு கலந்து மறைகிறவரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதனால் அடுத்தது வயிற்றில் வந்ததும் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"இந்தப் புள்ளைய நான் பொட்டியில பெக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல பெக்கணும். அதுக்கு என்னா சொல்றீங்க?"

"மாசம் நெருங்கறதுக்குள்ள கீழ டவுனுக்குப் போயிருவோம்" என்றார் அப்பா. "ஆஸ்பத்திரி வாசல்லயே கொண்டுபோய் நிறுத்துறேன், போதுமா?"

மழை அவரைக் கேட்கவில்லை. இறம்பொடைக்கு மேலே வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. நாங்கள் நிறுத்தியிருந்த இடத்திலிருந்து அருவியைப் பார்க்க முடியாது, கேட்க முடியும். மழை கூடக் கூட அது கிட்டே வந்தது. அம்மா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அப்பா வேலை முடிந்தும் உள்ளே வராமல் ரோலரைத் துடைத்துக்கொண்டே நின்றார். நானும் அண்ணனும் கோழியிடம்கூட மெதுவாகப் பேசினோம்.

அப்போதுதான் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து அங்கேயே லயத்து வரிசை வீட்டில் இருக்கிறவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், கூடையில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயமும் மிளகும் நல்லெண்ணெயும் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மழையில் ஏறி வந்தாள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"லயத்துக் காம்பராவப் பாத்து மூக்கச் சுளிச்சானே ஒங்கப்பன், இது என்னாடா, கோழிக் கூட்டுக்குச் சக்கரம் வச்ச மாதிரி!"

"உள்ள வாங்க மதினி, நனையாதீங்க" என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

அத்தையின் தோட்டத்திலும் ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் அது அங்கே பேர் பதிந்த ஆட்களுக்கு. எங்களுக்கு எந்தத் தோட்டத்திலும் பேர் இல்லை. கீழே டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுதான் கதி. நாளைக் காலை பஸ்ஸில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. அத்தை அம்மாவின் இடுப்புக்கு வெந்நீர் வைத்து ஊற்றினாள்.

காலையில் பஸ் வரவில்லை. பதிலாக ரோட்டு வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் நடந்து வந்தார், குடையை மடக்கிக் கம்பாய் ஊன்றிக்கொண்டு, முழங்கால்வரை சேறு.

"டிரைவர், கீழ மண் சரிஞ்சிட்டுது. இங்கிட்டு பஸ் இல்ல, அங்கிட்டு நிக்குது. ஆளுங்க மண் வெட்டுறாங்க. ரோலர் வேணும், இப்பவே."

"மாத்தயா, வீட்டுல..." என்று அப்பா தொடங்கியதும், உள்ளே அம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்த சத்தம் கேட்டது. கேட்டவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. வலி வந்துவிட்டது.

ஓவசியர் தொப்பியைக் கழற்றினார். கெட்ட மனுஷர் இல்லை. "நடக்க ஏலுமா?" என்று கேட்டார்.

"நாலடி வச்சா உக்காந்துடுறா" என்றாள் அத்தை. "கம்புல சாக்கக் கட்டித் தூக்கலாம். தூக்க ஆளு எங்க?"

அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்திருந்தாள். "மண்ணுக்கு அந்தாண்ட பஸ் நிக்கிதுல்ல? மண்ணு வரைக்கும் பொட்டியில கொண்டுபோய் விடுங்க."

"அம்புட்டும் எறக்கம்" என்றார் அப்பா.

"தெரியும்."

"உள்ள ஆளு இருந்து நான் எறக்கினதில்ல."

"அங்க ஒண்ண வச்சிட்டு வந்தேன். இன்னொண்ண இங்க வைக்கச் சொல்றீங்களா?"

அப்பா போய் எஞ்சினைக் கிளப்பினார். அண்ணன் அடைக்கட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கம் நின்றான். நான் கட்டிலுக்கடியில் கைவிட்டுத் துழாவினேன். கோழி கொத்தியது. கட்டை இல்லை.

"என் கட்டையக் காணோம்!"

"எந்தக் கட்டை?" என்றாள் அத்தை, கம்பளியை மடித்துக்கொண்டே. "அந்தக் கறுப்புக் கட்டையா? நேத்து அதுலதான வெந்நி வச்சேன். வெளிய எல்லாம் ஈர வெறகு, இது ஒண்ணுதான் காஞ்சு கெடந்துச்சு. என்னா எரி எரிஞ்சுது தெரியுமா!"

லயத்தில் கட்டிலுக்கடியில் காய்ந்த கட்டை இருந்தால் அது விறகு. வேறு எதுவாகவும் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் வேறு எவரும் அதை அடுப்பில் வைத்திருக்க மாட்டார்கள். வேறு எந்த வீட்டிலும் எவரும் அதை அடுப்பில் வைக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

அப்பா இறங்கி வந்தார். அடுப்பைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார்.

"அக்கா. அதுதான் இந்த வீட்டுக்குப் பிரேக்கு."

அத்தையின் முகம் கறுத்தது. வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு போய்த் தன் கூடையைக் கவிழ்த்துக் கொட்டினாள். காயம், மிளகு, எண்ணெய்ப் போத்தல் எல்லாம் கட்டிலில் உருண்டன. ரோட்டோரம் உடைத்துக் குவித்திருந்த கருங்கல்லில், ஒரு பக்கம் சரிந்த பெரிய கல்லாகப் பார்த்துக் கூடையில் போட்டாள். கயிற்றை நெற்றிக்கு மேல் மாட்டி, ஒரு மூச்சில் எழுந்தாள்.

"பள்ளத்துப் பக்கம் நான் வாறேன். சின்னதுக கைய நம்பி என் தம்பி பொண்டாட்டிய ஏத்த மாட்டேன். ஓட்றா."

ஓட்டினார். ஓட்டினார் என்று சொல்வது சரியில்லை. ஒவ்வொரு அடியாக விட்டுக்கொடுத்தார். பனி ரோட்டின் மேல் படுத்திருந்தது. ரோலரின் முதுகு தெரிந்தது, அதற்கு முன்னால் உலகம் இல்லை. மலையிலிருந்து வழிந்த சேறு தார் மேல் தோல் மாதிரிப் படிந்திருந்தது. அண்ணன் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், வெறுங்கையோடு நான் பின்னால். உள்ளே அம்மா சத்தம் போடவில்லை. பொட்டியின் பலகைகள்தான் அவளுக்காக முனகின. இன்றைக்கும் கால் ஆடும் ஒரு நாற்காலி நகர்ந்தால்கூட எனக்கு அந்தப் பலகைகள்தான் கேட்கும்.

முதல் வளைவு. கடந்தோம். இரண்டாவது வளைவில் அருவி திடீரென்று காதுக்குள் புகுந்தது. அந்த இரைச்சலில் அப்பா கத்தியது முதலில் கேட்கவில்லை, கை மேலே போனதைத்தான் பார்த்தேன். ரோலர் உருளாமல் வழுக்கியது. அத்தனை கனமான இரும்பு, சோப்புக்கட்டி போல, சத்தமே இல்லாமல் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது. பொட்டி அதன் முதுகில் முட்டிக்கொண்டு வளைந்தது.

"அடை! அடை!"

அண்ணன் செருகினான். கையை எடுத்தான். அத்தைக்குக் கூடையைக் கழற்றிக் கல்லை எடுக்க நேரமில்லை. தலையிலிருந்து கயிற்றை உருவி, கூடையோடு சக்கரத்துக்கு முன்னால் தள்ளினாள். பிரம்பு நொறுங்கியது. சக்கரம் கல்லின் மேல் பாதி ஏறி, யோசித்து, நின்றது. ரோலரும் நின்றது.

பிறகு பின்கதவு திறந்தது.

அம்மா இறங்கினாள். யாரும் பிடிக்கவில்லை, பிடிக்கத் தோன்றவில்லை. தரையைத் தொட்டதும் ஒரு கையால் ரோட்டோரக் கல்லைப் பிடித்து நின்றாள். நெற்றியில் அடிபட்டு ரத்தக் கோடு.

"ஏறு புள்ள, நின்னுருச்சு, ஒண்ணும் ஆவல" என்றாள் அத்தை.

"இனிமே ஏற மாட்டேன் மதினி. நடக்கிறேன். விழுந்தா விழறேன். கையக் குடுங்க."

அப்பா திரும்பிப் பார்த்தார். அவரால் இறங்க முடியாது. காலை எடுத்தால், கையை விட்டால் மறுபடி வழுக்கும். அவர் வாய் அம்மாவின் பெயரைச் சொல்வது போல அசைந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவர்களுக்குள் இல்லை. அம்மா ரோலரைக் கடந்து போகும்போது அவர் பக்கம் பார்க்கவில்லை. நான்கு அடி, உட்காருவாள். எழுவாள், நான்கு அடி. அத்தையின் தோளும் அம்மாவின் முதுகும் பனிக்குள் போய், ஒரே ஆளாகி, இல்லாமல் போயின.

முன்னால் இறங்கிப் போயிருந்த ஓவசியர் கீழிருந்து ஆட்களை அனுப்பினார். அவர்கள் பொட்டிக்குக் கல் அடை கொடுத்துக் கொக்கியைக் கழற்றினார்கள். அப்பா ரோலரை மட்டும் தனியாக இறக்கினார். மண் சரிந்த இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவும் அத்தையும் இல்லை. வேலையாட்கள் கைகோர்த்து அம்மாவைச் சேற்றுக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் சேர்த்திருந்தார்கள்.

"பஸ் இல்ல அண்ணே, அது திரும்பிப் போயிருச்சு. கொழுந்து லொறி ஒண்ணு நின்னுச்சு, அதுல ஏத்தி விட்டோம்" என்றான் ஒருவன்.

"எப்பிடி இருந்தா?"

அவன் மண்வெட்டியைப் பார்த்தான். "கண்ண மூடியிருந்தாங்க."

அதற்கு மேல் யாரிடமும் கேட்க வழியில்லை. செய்தி வரவேண்டுமானால் பஸ் வரவேண்டும். பஸ் வர ரோடு வேண்டும். அப்பா அந்த ரோட்டைப் போட்டார். கல் கொட்டக் கொட்ட அதன் மேல் போனார், வந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காதவர் போல இருந்தார். இருட்டியதும் ஓவசியர் வந்து எஞ்சினை அணைக்கச் சொன்னார். விடிந்ததும் மறுபடி போனார், வந்தார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு கீழே ஹாரன் கேட்டது. ஆட்கள் ஒதுங்கினார்கள். ரோலர் ஓரமாக உறுமிக்கொண்டு நின்றது. பஸ் புது மண்ணின் மேல் மெல்ல ஏறியது. அப்பா பஸ்ஸைப் பார்க்கவில்லை, அதன் சக்கரங்களைப் பார்த்தார், மண் தாங்குமா என்று. ஜன்னலில் அத்தையின் தலை.

"பொட்டப்புள்ளடா!" என்று கத்தினாள். "அழுதுச்சு! நல்லா அழுதுச்சு!"

அப்பாவின் உதடுகள் "அவ?" என்றன. ஆனால் பஸ் டிரைவர் இளகிய மண்ணில் நிறுத்தப் பயந்து, வேகமெடுத்து வளைவில் திரும்பிவிட்டார். அத்தையின் கை மட்டும் வெளியே ஆடியது. அது போகச் சொல்லும் கையா, வரச் சொல்லும் கையா, தெரியவில்லை.

அப்பா ரோலரிலிருந்து குதித்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை அப்படி விட்டு இறங்கி நாங்கள் பார்த்ததில்லை. செருப்பில்லாமல், எண்ணெய்க் கையோடு, பஸ்ஸின் பின்னால் ஏற்றத்தில் ஓடினார். "ஏய், டிரைவர்! ஏய்!" என்று ஓவசியர் கத்தினார். நானும் அண்ணனும் அப்பாவுக்குப் பின்னால் ஓடினோம்.

வளைவுக்கு அப்பால் கெட்டியான தாரில் பஸ் நின்றிருந்தது. அத்தை இறங்கி, சீலையை உதறிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"என்னாடா இப்பிடி ஓடி வாற?" என்றாள் அத்தை. "அவளுக்கு என்னா, கட்டில்ல சாஞ்சுக்கிட்டு மல்லித்தண்ணி குடிக்கிறா. முழிச்சதுலருந்து திட்டிக்கிட்டு இருக்கா."

"யாரை?"

"யாரையா? ஒன்னயத்தான்."

அப்பா ரோட்டில் அப்படியே உட்கார்ந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "இன்னும் சொல்லு அக்கா" என்றார். "என்னா சொல்லித் திட்டுனா?"