தி. நகரிலிருந்து அடையாறுக்கு, ஒரு புள்ளியைப் பார்க்க

பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு தி. நகரிலிருந்து அடையாறுக்குப் போக வேண்டி வந்தது. நேர்வழியில் ஆறு கிலோமீட்டர். எனக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. மாமியார் வீட்டுக்குப் போன இடத்தில் ஆபீஸ் வேலையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். நான் பெங்களூரில் வானியல் ஆராய்ச்சி செய்கிறேன். இளம் நட்சத்திரங்களின் பக்கத்தில் கோள்கள் இருக்கின்றனவா என்று நேரடியாகப் படம் எடுத்துப் பார்ப்போம். நட்சத்திரத்தோடு ஒப்பிட்டால் பக்கத்தில் இருப்பது பல லட்சம் மடங்கு மங்கல். அதனால் கருவிக்குள் ஒரு சின்ன மறைப்பை வைத்து நட்சத்திரத்தை மூடிவிட்டு, சுற்றியிருப்பதை மட்டும் எடுப்போம். இளம் நட்சத்திரம் ஏன் என்றால், அதன் கோள்களும் பிறந்த சூடு ஆறாமல் இருக்கும், அகச்சிவப்பில் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு எடுத்த ஒரு படத்தில் புள்ளி ஒன்று தெரிந்தது. அது அந்த நட்சத்திரத்தின் கோளா, வெகுதூரத்தில் பின்னால் இருக்கும் சம்பந்தமில்லாத வேறொரு நட்சத்திரமா என்று ஒரே படத்தில் சொல்ல முடியாது. நட்சத்திரம் வானத்தில் மெல்ல நகரும். கோள் என்றால் அதுவும் கூடவே நகர்ந்திருக்கும். பின்னால் இருப்பது என்றால் இருந்த இடத்திலேயே நிற்கும். இந்த இரண்டாவது படத்துக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு, கடைசியில் கிடைத்தது இரண்டே மணி நேரம். தொலைநோக்கி பசிபிக் தீவு ஒன்றின் மலையுச்சியில் இருக்கிறது. எங்கள் நேரம் அங்கே இரவு எட்டரைக்கு ஆரம்பம்; அப்போது நமக்குப் பகல் பன்னிரண்டு. நேரில் போக வேண்டாம், லேப்டாப்பும் நல்ல இன்டர்நெட்டும் இருந்தால் போதும்.

அந்த நல்ல இன்டர்நெட் காலை 10:40-க்குப் போனது. தெருவில் எதற்கோ தோண்டி, கேபிளை அறுத்துவிட்டார்கள். போன் நெட்டில் முயன்றேன். பண்டிகைக் கூட்டத்தில் உஸ்மான் ரோடு மொத்தமும் போனும் கையுமாக நிற்க, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தது. அடையாறு காந்தி நகரில் இருக்கும் கல்லூரித் தோழி ஃபரீதாவுக்கு போன் செய்தேன். “உடனே வா” என்றாள்.

செருப்பு மாட்டும்போது அத்தை வந்தார். “போற வழிதானம்மா, லஸ்ல டெய்லர்ட்ட என் ரவிக்கை ரெண்டு இருக்கு. அப்படியே வாங்கிட்டு வந்துரு.”

லஸ் போகிற வழி இல்லை. ஆனால் ஐந்து நாளாக அவர் கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தலையாட்டினேன். இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே பெரிய தப்பு அதுதான்.

11:05-க்கு ஆட்டோ. லஸ் வழியாக அடையாறு, 280 ரூபாய். டிரைவர் பெயர் பாஸ்கர். பனகல் பார்க்கைத் தாண்டவே பதினெட்டு நிமிடம். ஆழ்வார்பேட்டை தாண்டியதும் மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டைத் தகரம் வைத்து மூடியிருந்தார்கள். லஸ் சேரும்போது 11:58. டெய்லர், “பட்டன் மட்டும்தாம்மா பாக்கி, அஞ்சு நிமிஷம்” என்றார். கேட்காமல் ஓடி வந்திருக்க வேண்டும். நின்றேன். பதினேழு நிமிடம்.

அங்கேயே, புனேயிலிருந்து இந்த ஆராய்ச்சியில் கூட இருக்கும் மைதிலி அழைத்தாள். அந்தப் புள்ளியை முதலில் பார்த்தவள் அவள்தான். “ஆரம்பிச்சுட்டாங்க. நட்சத்திரத்தை மறைப்புக்குப் பின்னாடி வெச்சாச்சு. நீ எங்க இருக்க?”

“ரவிக்கைக்குப் பட்டன் தைக்கறதைப் பாத்துட்டு இருக்கேன்.”



மந்தைவெளியில் மறுபடி நின்றபோது பாஸ்கர் திரும்பினார். “இன்னாம்மா, அப்பலேந்து போன்லயே பொலம்பிக்கினு வர்றீங்க? ஆஸ்பத்திரி கேஸா?”

எரிச்சலில் முழுக் கதையையும் கொட்டினேன். கவனமாகக் கேட்டார். “அப்போ அது அவுங்க கூட வந்த ஆளா, இல்ல போட்டோ எடுக்கசொல்ல சும்மா பின்னால நின்னுகினு கீற ஆளா? அத்த தானே பாக்கணும்?”

விண்ணப்பத்தில் நான் மூன்று பக்கம் எழுதியது இதைத்தான்.

12:50-க்கு ஃபரீதா வீடு. காத்திருந்ததற்கும் சேர்த்து 340 ரூபாய். மாடியேறி, லேப்டாப்பைத் திறந்து உள்ளே நுழையும்போது 12:56. ஏறக்குறைய பாதி நேரம் போய்விட்டது.

1:20-க்கு மைதிலி அதுவரை வந்த படங்களை அவசரமாகச் சேர்த்து அனுப்பினாள். அதில் இரண்டு குறி போட்டிருந்தாள். கோள் என்றால் புள்ளி வட்டத்துக்குள் இருக்கும், பின்னணி நட்சத்திரம் என்றால் பெருக்கல் குறி மேல். புள்ளி பெருக்கல் குறியின் நட்டநடுவில் இருந்தது.

“இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு,” என்றாள் மைதிலி. “முழுசா எடுத்துப் பாத்துடலாமே. தெளிவா தெரியும்.”

“இதுக்கு மேல என்ன தெளிவு மைதிலி?”

தொலைநோக்கியை இயக்குபவர் என்ன செய்யட்டும் என்று கேட்டார். நேரம் என் பெயரில் ஒதுக்கியது, நான்தான் சொல்ல வேண்டும். பட்டியலில் இதுவரை யாரும் இப்படிப் படம் எடுக்காத இன்னோர் இளம் நட்சத்திரம் இருந்தது. “இதை விட்டுடுங்க. அடுத்ததுக்குப் போங்க” என்றேன். ஃபரீதா டீயை லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நாற்பது நிமிடமும் புது நட்சத்திரத்துக்குப் போனது. டீ அப்படியே ஆறிப்போனது.

சாயங்காலம் வீட்டில் மாமா ஆவலாக உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பாண்டி பஜார் பக்கம் ஜவுளிக்கடை. “அது கிரகம் இல்ல மாமா, பின்னாடி இருக்கற வேற நட்சத்திரம்” என்றேன்.

“கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் மருமக கிரகம் கண்டுபிடிச்சிருக்கான்னு சொல்லிட்டேனேம்மா.” கொஞ்சம் யோசித்தார். “நட்சத்திரம் பெருசா, கிரகம் பெருசா?”

“நட்சத்திரம்தான்.”

“அப்ப லாபந்தான், விடு.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இனி போகிறவர்களுக்கு: பண்டிகை வாரத்தில் தி. நகரிலிருந்து அடையாறு போக வேண்டுமென்றால் கோட்டூர்புரம் வழியாகப் போங்கள், காலை ஒன்பதுக்குள் கிளம்புங்கள். “போற வழிதானே” என்று யார் சொன்னாலும் மேப்பைத் திறந்து காட்டுங்கள். முக்கியமான வேலை இருக்கும் நாளில் முதல்நாளே அங்கே போய்ப் படுத்துக்கொள்வது உத்தமம். கடைசியாக, ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு வீட்டில் வாயைத் திறக்காதீர்கள். அன்று எடுத்த இரண்டாவது நட்சத்திரத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. மாமாவிடம் சொல்லவில்லை.