என் வாயைத் திறந்துவிட்டாள் மாரியம்மன்

எழுபத்தாறாம் வருசம், ஐப்பசி மாசம். சித்திரபுரத்துக்கு மேலே தேயிலை எஸ்டேட் லயத்துல, அதான் கூலிக்காரங்க வரிசை வீட்டுல, குடியிருந்தோம். என் மனைவி பேச்சியம்மாளுக்கு ரெண்டாவது பிள்ளை பிறந்து ஒரு மாசம்கூட ஆகலை. அவ தூங்கமாட்டா. பிள்ளையைத் தொடமாட்டா. சுவத்துக்குள்ள யாரோ பேசுறாங்கன்னு சொல்லுவா. நான் வெளியே மூச்சு விடலை. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டிருந்த நேரம். பைத்தியக் குடும்பம்னு பேராயிட்டா?

ஒரு நாள் மத்தியானம் எஸ்டேட் விறகுக் கொட்டகைக்குத் தீ வச்சுட்டா. அந்தப் பேச்சு அங்கேயிருந்துதான் வருதாம். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. போலீஸ்காரர் என்கிட்ட, இவளுக்குப் புத்தி சரியில்லையான்னு கேட்டார்.

"இல்லைங்கய்யா. திமிரு பிடிச்சவ"ன்னு சொன்னேன்.

என் பெண்டாட்டியை நானே ஜெயிலுக்கு அனுப்பினேன். பிள்ளையைத் தங்கச்சி புட்டிப்பால் கொடுத்து வளர்த்தா.

மறுமாசம் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமா நின்னா. என்னை அடையாளம் தெரியலை. அங்கே காவலுக்கு இருந்த வார்டரம்மா மலையாளம் கலந்த தமிழ்ல விசாரிச்சாங்க. இவ சோறே தொடுறதில்லை, பிரசவத்துக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சான்னு கேட்டாங்க. அப்பவும் இல்லைன்னுட்டு பஸ் ஏறிட்டேன். நானெல்லாம் மனுசனா?

லயத்துக் கோயில்ல ஆத்தா முன்னால விழுந்தேன். "அவளைக் காப்பாத்து தாயே"ன்னு ரெண்டு நாள் அழுதேன். மனசு ஆறலை. மூணாம் நாள் வேண்டுதலே மாறிப்போச்சு. "என் வாயைத் திறந்துவிடு தாயே"ன்னு கேட்டேன்.

மறுநாளே போயி, ஜெயில் டாக்டர்கிட்ட ஒண்ணுவிடாம சொன்னேன். வாய் நிக்கலை. அது ஆத்தா கொடுத்த பேச்சு.

டாக்டர் கோவப்படலை. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, இந்தப் பொண்ணு இங்கே வந்திருக்க வேண்டாம்"னார். செருப்பால அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் எழுதிக்கொடுத்ததை வச்சு, கோர்ட்டு அவளை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்புச்சு. மருந்து கேட்டுச்சு. தூங்கினா. சாப்பிட்டா. ஒரு நாள், பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருச்சான்னு கேட்டா. கேஸும் தள்ளுபடியாச்சு.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விலகிட்டாங்க. தங்கச்சி அதுக்கு அழலை. மதினியைப் பத்திப் பொய் சொன்னதுக்குத்தான் ஒரு மாசம் என்கூடப் பேசலை.

வீடு திரும்பின பேச்சியம்மாள் ஒரே ஒரு தடவை கேட்டா: "என்னையப் பத்தி ஏன் அப்படிச் சொன்னீக?"

உங்க வீட்டுல யாருக்காவது இப்படி இருந்தா மறைக்காதீங்க. ஆத்தாவை நம்பிச் சொல்லுங்க. அவகிட்ட சொன்னதை டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. நான் இன்னைக்கு இந்தக் கோயில் கூட்டத்துல இத்தனை பேர் முன்னால பேசுறேன். பெண்கள் பக்கம் என் மனைவி உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்கா. அன்னைக்கு அவ கேட்டதுக்குப் பதில் அவ காதுல விழணும்னுதான் பேசினேன்.