மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

எங்கள் சேவூர் கபடி டீமில் கமலக்கண்ணனுக்கு இருந்த தம் வேறு யாருக்கும் கிடையாது. பகலெல்லாம் பவர்லூமில் நிற்பான், சாயங்காலம் கபடி. கோட்டைத் தாண்டிப் போனவனை நாலு பேர் அமுக்கினாலும் வாயில் ‘கபடி கபடி’ நிற்காது. அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்துவிடுவான். நான் மைதானத்துக்கு எதிர்வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அவன் ‘கபடி கபடி’ என்று பாடிப் போகும்போது மிஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

போன பங்குனியில் அவனுக்கு அம்மை வார்த்தது. அவன் அம்மா கிருஷ்ணம்மாள் வாசலில் வேப்பிலை செருகினாள். அதுவரை அந்த வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கி எழுந்த டீம் பையன்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அது முறைதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

எங்கள் பக்கம் மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் அம்மை இறங்கிவிட்டது, ஆள் தேறிவிட்டான் என்று அர்த்தம். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைக் கிருஷ்ணம்மாள் மூன்றாவது முறையாக அவன் தலைக்கு ஊற்றினாள். மறுநாளே கேப்டன் சுதாகர் பைக்கோடு வந்து நின்றான். தேவிகாபுரத்தில் மேட்ச்.

“நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடா” என்றான் கமலக்கண்ணன்.

“கூழும் மோரும் குடிச்சிகினு படுத்துகினு இருந்தா அப்படித்தான் இருக்கும். மூணாந்தண்ணி ஊத்தியாச்சில்ல? ஜல்தி ஏறு.”

கிருஷ்ணம்மாளும், “அதான் அம்மா எறங்கிட்டாளே, போய்ட்டு வா” என்று விபூதி வைத்து அனுப்பினாள்.

தேவிகாபுரத்தில் இரண்டாவது முறை பாடிப் போனபோதே பாட்டு நின்றுவிட்டது. யாரும் அவனைத் தொடவில்லை. தானாக முட்டி போட்டு உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். கிருஷ்ணம்மாளுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அம்மைக் கிருமி நுரையீரலைப் பாதித்து, இதயத் தசையையும் வீங்க வைத்திருக்கிறது என்றார் டாக்டர்.

“தோல் ஆறிட்டா உள்ளயும் ஆறிடுச்சின்னு இல்லம்மா. நான் டெஸ்ட் பார்த்துச் சொல்ற வரைக்கும் ஓடக்கூடாது, ஆடக்கூடாது. உடம்பு நல்லா இருக்குன்னு தோணும், அப்பவும் கூடாது. மீறி ஆடினா உயிருக்கே ஆபத்து.”

அவர் சொன்னபடியே கொஞ்ச நாளில் முகம் தெளிந்துவிட்டது. அதுதான் பேஜாராகப் போயிற்று. கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தால் ஊர் நம்பும். நெஞ்சுக்குள் இருக்கிற வீக்கத்தை யாருக்குக் காட்டுவது?

“நல்லாத்தானடா கீற. பயந்துட்டேன்னு சொல்லேன்” என்றான் சுதாகர், எல்லார் முன்னாலும். சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திரிக்கோலைத் தூக்கிப் போட்டேன்.

பிறகு தினமும் சாயங்காலம் மைதானத்தின் ஓரம் வந்து உட்காருவான். அவர்கள் ஆடுவார்கள், இவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருப்பான். செருப்பையும் செல்போனையும் அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பேச்சு மட்டும் கிடையாது.

“வீட்லயே இருக்கலாம் இல்லப்பா?” என்று கேட்டேன்.

“வீட்ல இருந்தா சத்தம் மட்டும் கேக்குதுக்கா. அது இன்னும் கஷ்டமா கீது.”

நான் போய் மிஷினில் உட்கார்ந்தேன்.

ஐப்பசியில் டெஸ்டெல்லாம் நன்றாக இருந்தது. டாக்டர் சொன்னபடி முதலில் நடந்தான், பிறகு மெல்ல ஓடினான். மார்கழியில் இன்னொரு முறை பார்த்துவிட்டு, இனி ஆடலாம் என்றார். அன்றைக்கே ஜெர்சி போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தான்.

சுதாகர் குறுக்கே வந்து நின்றான். “வேணாம் மச்சான். எங்கியோ ஒருத்தன் ஆடிகினு இருக்கும்போதே செத்துட்டானாம். உனக்கு எதனா ஆச்சின்னா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?”

“டாக்டரே சொல்லிட்டாருடா.”

“அவரு சொல்லுவாரு. உன்ன யாரு தைரியமா புடிப்பான்?”

நோய் இருந்தபோதும் அவன் பேச்சை நம்பவில்லை, போன பிறகும் நம்பவில்லை. என்ன ஜென்மங்களோ.

கமலக்கண்ணன் அவனை விலக்கிவிட்டு, கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, ‘கபடி கபடி’ என்று உள்ளே போனான். தம் உடையவே இல்லை. எதிரே நின்ற ஏழு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தனாகத் தொட்டுக்கொண்டே போனான். ஒருத்தனும் அவுட் என்று வெளியே போகவில்லை. ஒருத்தனும் அவனைப் பிடிக்கவில்லை.