காரைக்காலுக்கு மட்டும் லீவு

நான் காரைக்கால் கோவில்பத்தில் இருக்கிறேன். கடையில் பில் போடும் வேலை பார்த்தபடியே தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி. ஐ.டி. படிக்கிறேன். தேர்வு மையம் மயிலாடுதுறையில். போன ஆண்டின் கடைசி செய்முறைத் தேர்வன்று காலையிலிருந்தே கொட்டும் மழை. "காரைக்காலுக்கு லீவு விட்டாச்சும்மா!" என்று டி.வி.யைப் பார்த்து மகள் குதித்தாள். எனக்கும் தேர்வு இல்லை என்று நினைத்து, நிம்மதியாக வெங்காய பஜ்ஜி போட்டேன்.

மதியம், உடன் படிக்கும் மயிலாடுதுறை செல்வி போன் செய்தாள். "ஏங்க்கா வரல? உங்க பேரக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களே!"

லீவு விட்டது புதுச்சேரி அரசு. மயிலாடுதுறை இருப்பதோ தமிழ்நாட்டில். பிறந்ததிலிருந்து தெரிந்த எல்லை, அன்றைக்குப் பார்த்து மறந்துபோனது. அந்தச் செய்முறைத் தேர்வை இனி அடுத்த ஆண்டுதான் எழுத முடியும் என்பதால், பட்டம் ஓர் ஆண்டு தள்ளிப்போய்விட்டது.

இப்போதெல்லாம் மழையோ வெயிலோ, தேர்வுக்கு முதல் நாளே செல்வி வீட்டுக்குப் போய்விடுகிறேன். ஆனாலும் பஜ்ஜி வாசனை வந்தால், இன்றைக்குத் தேர்வு ஏதும் இருக்கிறதா என்று ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.