குண்டு ரெண்டு டப்பா

எங்கள் தெருவில் என் மனைவியின் பெயரைச் சொல்லி விசாரித்தால் முழிப்பார்கள். "அரை இஞ்ச் அக்கா கடை எது?" என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். எந்தச் சட்டையானாலும் உள்தையலில் அரை இஞ்ச் துணி கூடுதலாக விட்டுத்தான் தைப்பாள். "உடம்பு இப்படியேவா இருக்கப்போகுது? நாளைக்குப் பிரிச்சு விட்டுக்கலாம்" என்பாள். இருபத்தாறு வருஷமாக இதே பல்லவி.

இன்னொரு பழக்கமும் உண்டு. அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டு போனவர்கள் திரும்பக் கடைப் பக்கம் வந்தால் போதும், "யாராச்சும் பார்த்தாங்களா? என்ன சொன்னாங்க?" என்று துருவித் துருவிக் கேட்பாள். 'நல்லா இருக்குன்னாங்க' என்ற வார்த்தை காதில் விழாவிட்டால் அன்றைக்கு என் சாப்பாட்டில் உப்பு இருக்காது. நான் பஸ் ஓட்டுகிறவன், எனக்கும் கோபம் மூக்குக்கு மேலேதான். ஆனால் இவளிடம் ஹார்ன் அடித்து ஒன்றும் ஆகாது.

இவளுக்கு ஒரே தங்கை. எங்கள் வீட்டில் சின்னவள் என்றுதான் சொல்வோம். தொலைவில் வேறு ஊரில், தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை. புற்றுநோய் என்று நான்கு மாதத்துக்கு முன்பு அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பிழைத்ததே பெரிய விஷயம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அவளோ வாசலைத் தாண்டவே இல்லை. விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.

"கவுண்டர்ல உக்காந்தா எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். நான் வேலையை விட்டுடறேன்க்கா" என்று போனில் அழுதாள். கடையில் விற்கிற பொய் மார்பு ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தாளாம், அது மேலே மேலே ஏறி வந்ததாம். வேறு தையல்காரி யாரையும் கிட்டே விடவும் மாட்டேன் என்றாள்.

"எதையும் எழுதிக் குடுத்துத் தொலைக்காதே. ஞாயித்துக்கிழமை நான் அங்க இருப்பேன்" என்று சொல்லிவிட்டு இவள் போனை வைத்தாள்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் வேறு வேலை எடுக்கவில்லை. வெறும் பஞ்சு கனம் போதாமல் ஏறிவிடும் என்று, பஞ்சுக்கு நடுவே பொடிக் கண்ணாடி மணிகளைக் கொட்டி ஒரு சின்ன மெத்தை தைத்தாள். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே உடம்புவாகு, அதனால் தன்னையே அளவாக வைத்துக்கொண்டாள். இரண்டு சட்டைகளை ஓட்டுத்தையலோடு நிறுத்தினாள். ஆளுக்குப் போட்டுப் பார்த்துத்தான் மீதியை முடிக்க முடியும்.

ரயிலில் போனால் நேரம் போதாது என்று விமானத்தில் கிளம்பினோம். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. பெரிய கத்தரியும் துணிமணியும் பெட்டியோடு போய்விட்டன. சட்டை, மெத்தை, ஊசி நூல் எல்லாம் இவள் கைப்பையில். "பெட்டி தொலைஞ்சாலும் தொலையட்டும், இது என் மடியில இருக்கணும்" என்றாள். நானும் பெரிய மனுஷனாட்டம், "கேட்டா எதையும் மறைக்காம சொல்லிடு" என்று புத்தி சொன்னேன்.

சொன்னாள், மகராசி.

சோதனை செய்யும் இடத்தில் சீருடை போட்ட ஒரு பெண், "பையில கூரா ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"இருக்கு. ஊசி ஒரு அட்டை, நூல் வெட்டுற கத்தரி ஒண்ணு, குண்டு ரெண்டு டப்பா."

எங்கள் கடையில் குண்டூசி என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. குண்டு எடு, குண்டு குத்து, அவ்வளவுதான். அது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குப் பின்னால் நின்றவர் இரண்டடி தள்ளிப் போனார். நாலு பேர் ஓடிவந்தார்கள்.

"ஐயோ, குண்டூசிங்க! ஊசியை முழுங்கிட்டா!" என்று நான் கத்தினேன்.

"முழுங்கிட்டாங்களா? எப்போ?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. டப்பாவைத் திறந்து காட்டிய பிறகு ஒருவழியாக மூச்சு வந்தது. அதற்குள் மெஷினில் அந்த மெத்தை தெரிந்துவிட்டது. உள்ளே பொடிப் பொடியாக மணிகள்.

"இது என்ன?"

அதுவரை கேட்காததையெல்லாம் சொன்னவள் வாயைத் திறக்கவில்லை. பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது தங்கையின் உடம்பைப் பற்றி எப்படிச் சொல்வாள்? அந்தப் பெண் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பிளேடை எடுத்தாள். இவள் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெட்டினா துணி போயிடும். நானே பிரிச்சுக் காட்டறேன்" என்று சொல்லி, அவள் காதில் ஏதோ முணுமுணுத்தாள். அந்தப் பெண் வரிசைக்கு முதுகைக் காட்டி, இவளை மறைத்தமாதிரி நின்றுகொண்டாள். இவள் ஊசிமுனையால் ஒரு ஓரத்தைப் பிரித்து மணிகளைக் காட்டினாள்.

"சரிம்மா, எடுத்துக்கங்க. ஆனா கத்தரியை விட முடியாது, அளவுக்கு மேல அரை இஞ்ச் இருக்கு."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இவள் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

விமானத்தில் கடைசியாக ஏறியது நாங்கள்தான். ஜன்னல் பக்கம் ஒருதடவைகூடத் திரும்பாமல் மெத்தையைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கடையில் வேறு யாராவது அப்படிக் கடித்தால் வறுத்தெடுத்துவிடுவாள்.

சின்னவள் வீட்டில் அக்காவும் தங்கையும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெளியே நாற்காலியில். அரை மணி நேரமாக ஒரே பேச்சு.

"கையை எடுடி."

"மாட்டேன்."

"மார்ல கையைக் கட்டிக்கிட்டு நின்னா நான் என்னத்தைப் பாக்கறது?"

"வேணாம்க்கா. நான் நாளைக்குப் போகல. என்னை விட்டுடு."

எனக்கு வந்ததே கோபம்! கதவைத் தட்டி, "ஏம்மா, உனக்காக உங்கக்கா ஏர்போர்ட்ல குண்டு ரெண்டு டப்பா இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கா. நீ என்னடான்னா கையை எடுக்க மாட்டேங்கறே!" என்று கத்தினேன்.

"என்ன மாமா சொன்னீங்க?" என்று உள்ளிருந்து சின்னவள் கேட்டாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று முழுக்கதையும் சொன்னேன். முழுங்கியது எப்போது என்று கேட்ட ஆளைப் பற்றிச் சொன்னபோது சின்னவள் சிரிக்க ஆரம்பித்தாள். நான்கு மாதமாக யாரும் கேட்காத சிரிப்பு. இருமல் வரும்வரை சிரித்தாள்.

"ஆடாதடி, குண்டு குத்திடும்" என்றாள் இவள், வாயில் குண்டூசிகளோடு. அதற்கும் சிரிப்பு. கை கீழே இறங்கிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு இடது கைப்பக்கம் வீங்கியிருந்ததாம், உள்ளே விட்டிருந்த அரை இஞ்ச் அதற்குச் சரியாகப் போய்விட்டது.

காலையில் வேலைக்குப் போனாள். வாசலில் மூன்று தடவை நின்றாள், ஆனாலும் போனாள். மத்தியானம் போன் வந்ததும் இவள் பாய்ந்து எடுத்து, "என்னடி, யாராச்சும் பார்த்தாங்களா?" என்று கேட்டாள். பழக்க தோஷம். யாரிடம் எதைக் கேட்கிறாள் பாருங்கள் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இல்லக்கா, ஒருத்தரும் பாக்கல. ஸ்டாம்ப் கேட்டாங்க, குடுத்தேன்."

இவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் போனை என்னிடம் நீட்டி, "கேட்டீங்களா? யாருமே பாக்கலையாம்!" என்றாள்.