மூன்றாவது மாடிக்கு யார் போவார்கள்?

1. பயத்துக்கு ஒரு பக்கம்

வீடு கட்டும் நிதிக்கான விண்ணப்பம் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கள்ளக்குறிச்சியில் எங்கள் தொண்டு நிறுவன ஆபீசில் காகிதம் பறக்கும் என்று ஃபேனைக்கூடப் போடவில்லை. பட்டா, வில்லங்கச் சான்று, மண் டெஸ்ட் ரிப்போர்ட், பில்டிங் பிளான் எல்லாம் மேஜை மேல் தயார். ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்த நாற்பத்தெட்டுக் கூலிக் குடும்பங்களுக்கு ஒரே கட்டிடம். கீழ்த்தளம், மேலே மூன்று மாடி, தளத்துக்குப் பன்னிரண்டு வீடு. கரையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. இந்த நிதி கிடைக்காவிட்டால் அவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போக வேண்டியதுதான்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். ஜெராக்ஸ் எடுக்கத்தான் இங்கே சேர்ந்தேன், பிறகு கள வேலைக்கு வந்தேன். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள். ஆபீசே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

விண்ணப்பத்தில் ‘இடர்களும் தீர்வுகளும்’ என்று ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. ஒன்றுமில்லை என்று போட்டுவிடலாம் என்றார் செயலாளர்.

“சார், அத கௌரிகிட்ட குடுங்க. ஒரு பக்கம் பத்தாதுன்னு சண்டைக்கு வருவாங்க பாருங்க” என்றார் இன்ஜினியர் மேடம்.

கேலிதான். ஆனால் எனக்கோ கை பரபரத்தது. இத்தனை வருடம் எனக்குத் திட்டு மட்டுமே வாங்கிக் கொடுத்த பயத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களே! சாப்பாட்டு வேளைக்குள் பதினேழு பயம் எழுதிவிட்டேன். முதல் பயம் இது: மூன்றாவது மாடிக்கு யார் போவார்கள்?

2. எல்லாருக்கும் கீழ்வீடு

‘வீடு வேண்டும்’ என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தோம். எந்தத் தளம் என்று ஒருவரையும் கேட்கவில்லை. அதுதான் நாங்கள் செய்த தப்பு. மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்து ஏரிக்கரைக்குப் போய்க் கேட்டேன்.

“மாடியா? எனக்கு நாலு ஆடு கீது. அத இன்னா பண்றது?” என்றாள் அஞ்சலை.

“கூடவே ஏத்திக்கினு போ” என்றார் பக்கத்துக் குடிசைக்காரர்.

“ஏறிடும். எறக்கறதுக்கு நீ வரியா?”

கரையே சிரித்தது. நான் குடிசை குடிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே போனேன். நாற்பத்தெட்டுக் குடும்பமும் கீழ்வீடுதான் கேட்டது. கீழே இருப்பதோ பன்னிரண்டு.

செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னாத்துக்கும்மா போய்க் கேட்ட? கையெழுத்துதான் வாங்கியாச்சே!”

“மாடியெல்லாம் பூட்டிக் கெடந்தா இன்னா சார் பண்றது? நிதி குடுக்கறவங்க நேர்ல வந்து இதயே கேட்டா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, பயத்த கண்டுபுடிச்சவ நீ. பதிலையும் நீயே கண்டுபுடி.”

3. புளி

அடுத்த நாள் போனபோது தளத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. காலையிலிருந்து சும்மா உட்கார்ந்து, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்தேன். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் புளி மூட்டை வந்து இறங்கியது. பெண்கள் ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, கரை மேல் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டார்கள். மலையிலிருந்து கூலிக்கு இறங்கி வந்து கரையிலேயே குடிசை போட்டிருந்த பொன்னி குச்சியும் கையுமாக ஆடு விரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு கண்ணு புளி மேல, ஒரு கண்ணு அஞ்சல ஆட்டு மேல. இதுல மண்ணு வேற. மொட்ட மாடி வச்சிருக்கறவ குடுத்து வச்சவ” என்றாள்.

நான் துள்ளி எழுந்துவிட்டேன். “இன்னா சொன்ன? இன்னொருவாட்டி சொல்லு!”

“இன்னாக்கா, பயமுறுத்தற?”

அங்கேயே நின்று இன்ஜினியர் மேடத்துக்குப் போன் போட்டேன். புளி காய வைக்க மொட்டை மாடியை விட முடியுமா? கைப்பிடிச் சுவரை உயர்த்தலாமா? கட்டிடத்துக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டாய் போட இடம் வருமா? “வரும், வரும், மூச்சு வுட்டுட்டுப் பேசுங்க” என்றார்.

போனை வைத்துவிட்டுச் செய்தியைச் சொன்னதும் கரை இரண்டுபட்டது.

“மூணாவது மாடி எனக்கு!” என்றாள் பொன்னி.

“நீ மட்டும்தான் புளி ஒடைக்கிறியா?” என்று நாலு பேர் கிளம்பினார்கள். மூன்றாவது மாடி நிரம்பி, சண்டை இரண்டாவது மாடிக்கு இறங்கியது. கால் முடியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கீழ்த்தளம் என்று அவர்களே பேசி முடித்தார்கள். அஞ்சலை கடைசியாக வந்தாள்.

“எனக்கு மொத மாடில பின்பக்கம் குடு. கொட்டாய் மேல ஜன்னல் வர மாதிரி. மேல இருந்து பாத்தாத்தான் ஆடு நல்லா தெரியும்.”

ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்தத் தளம், ஏன் அந்தத் தளம் என்று எழுதி, அவர்களுக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். மேடம் பிளானை மாற்றினார். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது அனுப்பினோம். போய்ச் சேர்ந்ததா என்று நான் எத்தனை முறை கேட்டேன் என்பதை இங்கே எழுதவில்லை.

4. அதிகாரி வந்த அன்று

நிதி தருகிற இடத்திலிருந்து நேரில் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். பிளானை விட்டுவிட்டு நேராக என் பக்கத்தைத்தான் திறந்தார். பொன்னியைக் கூப்பிட்டு, “தினமும் மூணு மாடி ஏறணுமேம்மா?” என்று கேட்டார்.

“தண்ணிக் கொடத்தோட மலையே ஏறியிருக்கேங்க. இது இன்னா, படிதானே? அந்த வூட்ட மட்டும் வேற யாருக்கும் எழுதிடாதீங்க சார்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு மாதத்தில் நிதி வந்தது. கட்டிடம் எழும்பும்வரை கரையில் இருக்க அவகாசமும் கிடைத்தது. அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன், வழக்கம்போல.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வீடு வேண்டுமா என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் எப்படிப் பிழைப்பார்கள் என்று கேளுங்கள். உங்களுக்குப் பயம் வந்தால் மறைக்காமல் எழுதுங்கள், எழுதியதை எடுத்துக்கொண்டு அவர்களிடமே போங்கள்.

போன வாரம் மொட்டை மாடிக்குக் கான்கிரீட் போட்டார்கள். அது இறுகுவதற்காகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தது. வீட்டைப் பார்க்க வந்த பொன்னி மேலே ஏறி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாக்கா இது? ஏரிக்கரைய வுட்டு வரேன்னா, இங்க மேல ஒரு ஏரி கட்டி வச்சிருக்கீங்க!”