தை வரைக்கும் நாலு ஸ்க்ரூ

கூரை மாற்றும்போது மனிதர்கள் செய்யும் தவறுகளைப் பற்றிக் கேட்டால் நான் மணிக்கணக்கில் பேசுவேன். புரட்டாசியில் எங்கள் ஓட்டு வீட்டுக்குத் தகர ஷீட் போடுவதற்கு முன்பே அத்தனையையும் கரைத்துக் குடித்திருந்தேன். வாடைக்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துத்தான் ஷீட்டை ஒன்றின்மேல் ஒன்று ஏற்ற வேண்டும். ஸ்க்ரூவை ஷீட் நெளிவின் மேட்டில்தான் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் நேராக அதைத் தேடி வரும். உளுத்த பழைய மரச்சட்டத்தின்மேல் புது ஷீட் கூடவே கூடாது. எல்லாம் தெரியும். நாள் பார்ப்பது மட்டும் எனக்குப் பிடிக்காது.

அந்த ஆடியில்தான் அப்பா இறந்திருந்தார். அவிட்ட நட்சத்திரத்தில் போனதால் அடைப்பு, உயிருக்கு வழி அடைபட்டிருக்கும் என்றார்கள். அடைப்பில் போனவர் படுத்திருந்த இடத்துக்கு நேர்மேலே நாலு ஓடுகளைக் கழற்றி அவருக்கு வழி விடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைப்பார்கள். தை வரை யாரும் அங்கே கை வைக்கக் கூடாது.

"அந்த ரூம மட்டும் விட்டுருப்பா. தை பொறக்கட்டும்" என்றார் அம்மா.

"ஐப்பசி மழை தை வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று எரிந்து விழுந்தேன். அப்பா என்னை 'அவசரத்துக்குப் பொறந்தவன்' என்றுதான் எப்போதும் திட்டுவார். அவர் இருந்திருந்தால் அன்றைக்கும் அதையே சொல்லியிருப்பார்.

விராலிமலையிலிருந்து ஒரு ஃபிட்டரைக் கூட்டி வந்தேன். அவர் அப்பாவைப் பார்த்ததே கிடையாது. அறைப் பூட்டைத் திறக்காமல், மேலிருந்தபடியே ஓடுகளையெல்லாம் இறக்கிவிட்டு ஒரே மூச்சில் வேலையை முடித்தார். கடைசி ஷீட் அந்த அறைக்கு மேல். அதை அடிக்கும்போது எனக்கு போன் வந்து, வாசலுக்குப் போய்விட்டேன்.

முதல் மழையில் வீடு முழுக்க ஒரு பொட்டு ஈரம் இல்லை. பூட்டிய அறைக்குள் மட்டும் சொட்டுச் சத்தம் கேட்டது. நாங்கள் பேசினால் நிற்பதுபோல் இருக்கும். பேச்சை நிறுத்தினால் மறுபடி விழும். மாலைக்குள் கதவடியிலிருந்து தண்ணீர் கசிந்து, உட்கார்ந்திருந்த அம்மாவின் காலைத் தொட்டது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் நல்ல வெயில். கூரைமேல் டக், டக் என்று யாரோ நடப்பதுபோல் சத்தம். வெயிலில் தகரம் விரியும், அந்தச் சத்தம்தான் என்று அம்மாவிடம் விளக்கினேன். ஆனால் அது அடுப்படி மேலிருந்து கிளம்பி, ஒவ்வொரு முறையும் அந்த அறைக்கு மேலே வந்ததும் நின்றுவிட்டது. ஒரு வாரம் பகலெல்லாம் அப்படித்தான் கேட்டது.

"ஒங்கப்பாவ உள்ள வச்சு ஸ்க்ரூ போட்டு முடுக்கிட்டியேடா" என்றார் அம்மா. "அவருக்கு வழியில்லாத வீட்டுல எனக்கு மட்டும் என்ன இருக்கு? நான் மக வீட்டுக்குப் போறேன்."

பொன்னமராவதியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனால் அம்மா திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். சொன்னால் சொன்னதுதான். அவர் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்ததும் பயந்துபோய் ஃபிட்டரை வரவழைத்தேன்.

இருவரும் ஏணி வைத்து ஏறினோம். அறைக்கு நேர்மேலே வரிசையாக நாலு துளைகள். துளை போட்டிருக்கிறார், ஸ்க்ரூ அடிக்கவில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"கோவிச்சுக்காதீங்க சார். ஓட்டை போட்டுட்டு ஸ்க்ரூவ எடுக்கைல, கீழேருந்து ஒரு பெரியவர் சொன்னாரு. 'இந்த நால மட்டும் தை வரைக்கும் விட்டுருங்க'ன்னாரு. வீட்டுப் பெரியவராச்சேன்னு விட்டுட்டேன்."

"கீழேன்னா எங்கிட்டு?"

அவர் எங்கள் காலடியில் இருந்த ஷீட்டை விரலால் தட்டினார். "இதுக்குள்ளேருந்துதான்."

வேலையை மறந்தவன் சொல்லும் சாக்கு என்று நினைத்தேன். "பெரியவர் வேற என்ன சொன்னாராம்?" என்று நக்கலாகக் கேட்டேன்.

அவர் தயங்கினார். "'அவன்ட்டக் கேக்காதீங்க, அவன் அவசரத்துக்குப் பொறந்தவன்'னாரு சார்."

அறைச் சாவி என் பைக் சாவியோடு சேர்ந்து என் பாக்கெட்டில்தான் எப்போதும் கிடந்தது. வீட்டில் என்னைத் தவிர ஆண்கள் யாரும் இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஃபிட்டர் நாலு ஸ்க்ரூவை எடுத்து, "இப்ப அடிச்சிரவா சார்?" என்றார். வேண்டாம் என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கீழே அம்மா பையோடு வாசலில் நின்றிருந்தார்.

"அங்க நாலு ஓட்டை தெறந்துதாம்மா இருக்கு. அவருக்கு வழி இருக்கு."

"யாரு விடச் சொன்னது?"

"அப்பா."

பொய் சொல்கிறேனா என்று என் முகத்தையே பார்த்தார்.

"இப்பவாச்சும் அவரு பேச்சக் கேட்டியே" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மழை பெய்த நாளெல்லாம் கதவடியில் வந்த தண்ணீரை நானே பழைய வேட்டியால் ஒற்றி எடுத்தேன். தை பிறக்கும்வரை அந்த நாலு ஸ்க்ரூவும் என் சட்டைப் பையிலேயே இருந்தன.